ஆடச் சொன்னது யார், காலுக்குப் பொறுப்பு யார்?

“ஆடச் சொல்லிக் கூட்டிக்கினு போனது யாரு? இப்போ காலுக்குப் பொறுப்பு யாரு?”

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் காலனி ஒன்றில் ஓர் அம்மா எங்களிடம் கேட்ட கேள்வி இது. அவர் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. எங்கள் பக்கம் ஏரி வற்றினால்தான் பிள்ளைகளுக்கு மைதானம். கருவேல முள்ளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் இரண்டு செருப்பு, அந்தப் பக்கம் இரண்டு செருப்பு வைத்தால் கோல் போஸ்ட். அங்கே அண்ணன்களோடு ஆடிப் பழகியவள் பள்ளி அணிக்கு வந்தாள். குறுவட்டம், மாவட்டம் என்று போனாள். ஒரு போட்டியில் பந்தோடு திரும்பும்போது முழங்கால் ‘டக்’கென்றது. ஐஸ் கட்டியை வைத்துத் தேய்த்து ஓரமாக உட்காரவைத்தார்கள். அணி ஜெயித்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் அவளும் இருக்கிறாள், பக்கத்தில் இருப்பவளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில்.

மறுநாள் புத்தூர் கட்டு. வீக்கம் வடிந்தது. ஆனால் ஓடினால் முழங்கால் நழுவியது. மாதங்கள் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் ஜவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது. அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பும் முடிந்துவிட்டது. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். சாயங்காலம் முழங்கால் வீங்கிவிடுகிறதாம்.

அந்தக் கோப்பை பள்ளியின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. முழங்கால் அவள் வீட்டில் இருக்கிறது. அம்மாவின் கேள்விக்கு அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. இதே கேள்வியைத் தமிழ்நாடே ஒரு வாரம் கேட்டுவிட்டுப் பிறகு மறந்துபோன இன்னொரு முழங்கால் உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

தோழர்களே, பிரியாவை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை. வயது 17. ராணி மேரி கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவி. வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. 2022 நவம்பர் 7 அன்று பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சிறு துளையிட்டுச் செய்யும் சிகிச்சை. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் செய்துகொண்டு திரும்பவும் ஆட வருகிற சிகிச்சை. அது முடிந்ததும் இரத்தக் கசிவைத் தடுக்க இறுக்கமாகக் கட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டை உரிய நேரத்தில் தளர்த்தவில்லை. காலுக்குப் போகும் இரத்த ஓட்டம் நின்றது. தசைகள் அழுகத் தொடங்கின. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றி, உயிரையாவது காப்பாற்ற வேண்டுமென்று காலை எடுத்தார்கள். காலை எடுத்த பிறகும், திரும்பி வருவேன் என்று அவர் வாட்ஸ்அப்பில் நிலைத்தகவல் வைத்ததாக நாளிதழ்கள் எழுதின. சிறுநீரகம், ஈரல், இதயம் என்று ஒவ்வொன்றாகச் செயலிழந்து நவம்பர் 15 காலையில் இறந்துபோனார்.

ஒரு கட்டு. அதைத் தளர்த்த ஒரு கை. அந்தக் கை உரிய நேரத்தில் வரவில்லை.

மருத்துவர்களின் கவனக்குறைவு என்று சுகாதாரத் துறை அமைச்சரே ஒப்புக்கொண்டார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்று வழக்குப் பதிவானது. முதலமைச்சர் வீட்டுக்கே வந்து பெற்றோருக்கு ஆறுதல் சொன்னார். 10 லட்சம் ரூபாய், சகோதரருக்கு அரசு வேலை, குடியிருக்க வீடு ஆகியவற்றுக்கான ஆணைகளைக் கொடுத்தார். அரசு அசையவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேகமாக அசைந்தது. ஆனால் எப்போது அசைந்தது? பிரியா இறந்த பிறகு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். பணம், வேலை, வீடு. ஒரு பெண் உயிரோடு ஆடிக்கொண்டிருந்தபோது அவளுக்கு இந்த மூன்றில் எது கிடைத்திருந்தாலும் கால்பந்தில் நிம்மதியாக நின்றிருப்பாள். மூன்றும் வந்தன, அவள் இல்லாத வீட்டுக்கு. நம் பிள்ளைகள் இருக்கும்போது கிடைக்காத அரசு, போன பிறகு கிடைக்கிறது. இதை நிவாரணம் என்கிறார்கள். நிவாரணம் கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது. ஊடகம் வந்ததா, எதிர்க்கட்சி கத்தியதா, எந்தத் தொகுதி என்பதையெல்லாம் பொறுத்தது. பிரியாவுக்கு சிகிச்சை நடந்த மருத்துவமனை அப்போதைய முதலமைச்சரின் சொந்தத் தொகுதியான கொளத்தூரில் இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பெண்ணுக்கு இதே நடந்திருந்தால் எத்தனை கேமராக்கள் வந்திருக்கும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிவாரணத்துக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் பழங்குடி மக்கள் மீது அரசுப் படை நடத்திய வன்முறைக்கு, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 செப்டம்பர் 29 அன்று. இடையில் 31 ஆண்டுகள். ஆனால் அது யாரும் வீட்டு வாசலில் வந்து கொடுத்த ஆறுதல் இல்லை. கேட்டு, வழக்காடி, சாட்சி சொல்லி வாங்கியது. குற்றவாளிகளின் கையிலிருந்து பாதியை வசூலிக்கச் சொன்ன தீர்ப்பு. அதனால்தான் அது உரிமை. பத்து லட்சம் என்ற எண் இரண்டிலும் ஒன்றுதான், அர்த்தம் ஒன்றில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிரியாவின் மரணத்தைக் காட்டி “கவர்மெண்ட் ஆஸ்பத்திரி என்றாலே இப்படித்தான்” என்று பேசுகிறவர்களோடு நாம் இல்லை. இடஒதுக்கீட்டில் படித்து வந்த டாக்டர்கள் என்று அடுத்த வரியில் ஆரம்பிப்பவர்கள் அவர்கள்தான். அரசு மருத்துவமனை நம்முடையது. நம் அம்மாக்கள் பிரசவித்த இடம். நம் வீட்டிலிருந்து போன பிள்ளைகள் இன்று அங்கே செவிலியராகவும் மருத்துவராகவும் நிற்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் இதே அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் நம் பெண்கள் யாரும் மேசை வரைக்கும்கூடப் போக மாட்டார்கள். நம்முடையது என்பதால்தான் கணக்குக் கேட்கிறோம். இரவு வார்டில் எத்தனை பேருக்கு ஒரு செவிலியர்? அறுவை சிகிச்சை முடிந்தவரின் கால் விரலைத் தொட்டுப் பார்த்து, சூடு இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, அசைக்க முடிகிறதா என்று மணிக்கொரு முறை எழுதிவைக்கும் தாள் இருந்ததா? இரண்டு பேரை நீக்கிவிட்டால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்துவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. இறுக்கத்தால் இரத்த ஓட்டம் தடைபடும்போது உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை வலி. இருக்க வேண்டிய அளவைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும் வலி. நம் வீட்டுப் பெண் “வலிக்குது” என்று சொன்னால் இந்தச் சமூகம் என்ன சொல்லும்? “பொறுத்துக்கோ.” பள்ளியில் பொறுத்துக்கோ. மில்லில் பொறுத்துக்கோ. வார்டிலும் பொறுத்துக்கோ. உழைக்கிற சாதிக்கு உடம்பு மரத்துப்போயிருக்கும் என்று நம்புகிற ஊர் இது. யாருடைய வலி உடனே கேட்கப்படுகிறது, யாருடைய வலி காத்திருக்க வைக்கப்படுகிறது என்பதில் சாதி இல்லை என்று சொல்கிறவர்கள், ஒரு நாள் நம்மோடு புறநோயாளிகள் வரிசையில் வந்து நிற்கட்டும்.

வியாசர்பாடிக்கு ‘மினி பிரேசில்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊரை மினி பிரேசிலாக ஆக்கியது யார்? குடிசைப் பகுதிப் பிள்ளைகளைப் பந்தோடு சேர்த்துப் படிப்பிலும் பிடித்து வைக்க அந்த மண்ணின் இளைஞர்களே 1997இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைக்கும் மக்கள் கைக்காசைப் போட்டு வளர்த்த ஆட்டம் அது. அங்கிருந்துதான் நந்தகுமார் சேகர் போனார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகான் மீது அவர் அடித்த ஒற்றை கோலுக்குக் கொல்கத்தாவே எழுந்து நின்றது. அங்கிருந்துதான் தனபால் கணேஷும் போனார். 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை 3–2 என்று வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிய சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்கள ஆட்டக்காரர்.

கணேஷின் கதையில் நாம் பார்க்க வேண்டிய இடம் கோப்பை இல்லை, அடுத்த சீசன். 2018இல் அவருக்கும் முழங்காலில்தான் அடி. அவருக்கும் அறுவை சிகிச்சை. அந்த சீசன் முழுக்கப் போனது. தொழில்முறை ஆட்டக்காரனின் வாழ்க்கையே பத்துப் பன்னிரண்டு வருடம்தான், அதில் ஒரு வருடம் போவது சின்ன விஷயமில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கிளப் இருந்தது. ஒப்பந்தம் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் இருந்தார். காலை மடக்கவும் நீட்டவும் கற்றுக்கொடுத்து, மறுபடி ஓட வைக்க ஆள் இருந்தது. மீண்டும் களத்துக்கு வந்தார்.

ஒரே வியாசர்பாடி. ஒரே மூட்டு. கிளப் இருந்த முழங்கால் திரும்பி வந்தது. கிளப் இல்லாத முழங்கால் உயிரையும் எடுத்துக்கொண்டு போனது. திறமையில் இருந்த வித்தியாசம் என்று இதை யாராவது சொல்ல முடியுமா?

பெரிய உலகத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவோம். ஃபிஃபா 2012 முதல் ஒரு காப்பீடு வைத்திருக்கிறது. தன் நாட்டு அணிக்கு ஆடப் போன ஆட்டக்காரர் காயப்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கிளப்புக்கு ஃபிஃபா நட்ட ஈடு கொடுக்கும். ஓர் ஆட்டக்காரருக்கு 75 லட்சம் யூரோ வரைக்கும். நாட்டுக்காக ஆடியதால் முதலாளிக்கு நட்டம் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை. நல்லது, இருக்கட்டும். பள்ளிக்காக ஆடியதால், கல்லூரிக்காக ஆடியதால், மாவட்டத்துக்காக ஆடியதால் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு வருகிற நட்டத்தை எழுத ஒரு பேரேடாவது இருக்கிறதா? ஆடும்போது அவள் ‘நம்ம பள்ளி’, ‘நம்ம மாவட்டம்’. விழுந்ததும் ‘அவங்க வீட்டுப் பொண்ணு’.

செங்கல் சூளையிலோ ஆலையிலோ வேலை செய்யும்போது கை போனால் இழப்பீடு கேட்க 1923 முதலே சட்டத்தில் வழி இருக்கிறது. எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பது வேறு சண்டை, ஆனால் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தபோது அழுத்திச் சொன்னதும் இதைத்தான்: உழைப்பவரின் உடம்புக்கு வரும் ஆபத்தை அவர் தனியாகச் சுமக்கக் கூடாது. நம் பிள்ளைகள் கால்பந்தில் போடுவது உழைப்பு இல்லையா? அந்த உழைப்பில் பள்ளிக்குப் பெயர், மாவட்ட நிர்வாகத்துக்கு அறிக்கை, கட்சிக்காரருக்கு மேடை, சங்கத்துக்கு நிதி. ஆதாயத்தில் எல்லோருக்கும் பங்கு. காயம் மட்டும் வீட்டுக்கு.

“மூன்று சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான அரசு வேலை ஒதுக்கீட்டை இரண்டிலிருந்து மூன்று சதவீதமாகத் தமிழ்நாடு உயர்த்தியதை வரவேற்கிறோம். ஆனால் அது ஏறி முடித்தவருக்கு மேலே போடும் நாற்காலி. ஏறும்போது விழுகிறவரைத் தாங்கும் வலை இல்லை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயனைப் பதினேழு வயதில் கேரள காவல்துறை அணி எடுத்துக்கொண்டது. இந்திய அணியின் தலைவர் ஆனதும், 2025இல் பத்மஸ்ரீ வாங்கியதும் பிறகு. அந்த வயதில் கால் உடைந்திருந்தாலும் அவருக்குப் பின்னால் ஒரு துறை இருந்தது. பிரியாவுக்கும் அதே பதினேழுதான். நம் கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியபடியே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருக்க முடிந்ததும் இப்படி ஒரு பிடிமானம் கிடைத்ததால்தான். முடியும் என்பதற்கு இவர்களே சாட்சி. கோடியில் ஒருவருக்கு ஏன், வாசலில் நிற்கும் எல்லோருக்கும் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

பதக்கம் வந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கு சாந்தி சௌந்தரராஜனை நினைவுபடுத்துகிறோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் பெண். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்து உலகத்தின் முன்னால் நிர்வாணமாக நிறுத்தினார்கள். 2012இல் அவர் மறுபடி செங்கல் சூளையில் கூலிக்குக் கல் சுமந்துகொண்டிருந்தார். நாட்டுக்காக ஓடிய கால் புறப்பட்ட சூளைக்கே திரும்பி வந்தது.

“விளையாட்டிலுமா சாதி?” என்று கேட்கும் நண்பர்கள் நமக்கும் உண்டு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தபோது அவர் பாரதத்தின் மகள். நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவிடம் அரையிறுதியில் தோற்றபோது, ஹரித்வார் அருகே அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். சாதியைக் கொண்டுவந்தது நாமா? அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. தோல்விக்காகக் காத்திருந்தது.

சரி, நாம் என்ன செய்யப் போகிறோம்? கண்ணீர் அஞ்சலிப் பதிவோடு கலைந்துபோவதற்கு இதை எழுதவில்லை.

அரசிடம் நாம் கேட்பது கருணை இல்லை. பள்ளி, கல்லூரி, மாவட்டம் என்று எந்தப் பெயரில் ஆடப் போனாலும், களத்தில் இறங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் ஆடும் நாளிலேயே காயக் காப்பீடு வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். அத்தனை மாதப் பயிற்சிக்கும், பஸ் காசுக்கும், கூட வரும் அம்மாவின் கூலி இழப்புக்கும் யார் பொறுப்பு என்பதை அரசாணையில் எழுத வேண்டும். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் அலையவிடாமல், வட்ட மருத்துவமனையிலேயே விளையாட்டுக் காயத்துக்கு வாரம் ஒரு நாளாவது பிசியோதெரபி வேண்டும். போட்டி நடக்கும் மைதானத்தில் முதலுதவி தெரிந்த ஒருவரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் விசில் ஊதக் கூடாது.

மாணவர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் பள்ளியில், கல்லூரியில் கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேர் காயப்பட்டார்கள், யார் செலவு செய்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கிராம சபையில் மைதானம் கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். முழங்கால் ‘டக்’கென்று சத்தம் கொடுத்து வீங்கினால் கட்டுப் போடும் முன் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். புத்தூர் கட்டு எலும்புக்கு என்று நம்பிப் போகிறோம், கிழிந்த ஜவ்வை அது ஒட்டாது. அறுவை சிகிச்சை முடிந்த தோழியின் பக்கத்தில் யாராவது ஒருவர் இரவில் விழித்திருங்கள். விரல் மரத்தாலோ, சில்லிட்டாலோ, நிறம் மாறினாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ செவிலியரை எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும். “பொறுத்துக்கோ” என்றால், மருத்துவரைக் கூப்பிடும் வரை நகராதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டு முதல் ஸ்கேன் வரை ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு உரிமை கேட்கும்போது நம் கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.

போன பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து அவள் வந்திருந்தாள். ஏரியில் சின்னப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரையில் உட்கார்ந்து பார்த்தாள். பந்து அவள் பக்கம் உருண்டு வந்தது. எழுந்து நல்ல காலால் நிறுத்தி, கையால் எடுத்து வீசினாள். பிறகு எங்களிடம் கேட்டாள்: “அண்ணா, இவங்களுக்காவது ஏதாவது பண்ணி வச்சிருக்கீங்களா?”

அம்மா கேட்டதற்கும் மகள் கேட்டதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். அந்த ஏரியில் ஆடும் பெண்களின் பெயர்ப் பட்டியலோடு, காப்பீடும் மைதானமும் கேட்டு முதல் மனுவை எழுதியிருக்கிறோம். உங்கள் ஊர்ப் பட்டியலையும் எழுதத் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.